போர் மூண்டால் சட்டம் வாயை மூடிக்கொள்ளுமா?

பிப்ரவரி 9, மாலை (வாசகர் கேள்வி)

ஆஸ்பத்திரி மேல குண்டு விழுது. அரைமணி நேரத்துல ஒரு அதிகாரி டிவியில வந்து "சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் தாக்கினோம்"னு சொல்றார். எதிர்ப்பக்கமும் அதே சட்டத்தைத்தான் தூக்கிக் காட்டுது. ஆயுதம் பேசும்போது சட்டம் ஊமைன்னு ரோமானிய வக்கீல் சிசரோ ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே சொல்லிட்டுப் போயிட்டார். போருக்குச் சட்டம்னு ஒண்ணு நெஜமாவே இருந்திருக்கா? இல்ல, ஜெயிச்சவன் எழுதிக்கிற கணக்கா?

பிப்ரவரி 9, இரவு

முதலில் சிசரோவை இறக்கி வைத்துவிடுவோம். அந்த வரி போரைப் பற்றியதே அல்ல, ஒரு கொலை வழக்கில் வந்தது. கி.மு. 52இல் அப்பியன் சாலையில் மைலோவின் ஆட்கள் கிளோடியஸைத் தீர்த்துக்கட்டினார்கள். இரண்டு பேருமே அடியாள் கூட்டம் வைத்துக்கொண்டு ரோமில் அரசியல் நடத்தியவர்கள். சிசரோ மைலோவின் வக்கீல். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஆயுதம் எடுத்தவனிடம் சட்டம் பொறுமையை எதிர்பார்க்காது என்பது அவர் வாதம். வழக்கு தோற்றது. மைலோ ஊரைவிட்டுப் போனான்.

ஆக, தோற்றுப்போன ஒரு வக்கீலின் வாதத்தைத்தான் எல்லோரும் போர் பற்றிய ஞானமாக மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் கட்சி இதற்கு நேர் எதிர். போரில் சட்டம் ஊமையாக இருப்பதில்லை, ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. என்ன பேசுகிறது என்பதுதான் பிரச்சினை.

பிப்ரவரி 10, காலை

மைலோ பற்றி ஒன்று விட்டுப்போச்சு. நாம் இன்று படிக்கும் அந்த உரை சிசரோ நீதிமன்றத்தில் பேசியது அல்ல. அன்று சுற்றிலும் படைவீரர்கள் நின்றார்கள், மனிதர் தடுமாறிவிட்டார். பிறகு உட்கார்ந்து அழகாக எழுதி மைலோவுக்கு ஒரு பிரதி அனுப்பினார். அவன் அப்போது மார்செய்யில் இருந்தான். நீ அன்றைக்கே இப்படிப் பேசியிருந்தால் நான் இங்கே இவ்வளவு நல்ல மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியாதே என்று பதில் போட்டானாம்.

பிப்ரவரி 10, இரவு

"பழங்காலத்தில் சட்டமாவது ஒன்றாவது, கிளம்பிப் போய் வெட்டியிருப்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரோமானியர்களிடம் ஃபெட்டியாலெஸ் என்று ஒரு புரோகிதர் குழுவே இருந்தது. எதிரியிடம் போய், "எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடு" என்று முறைப்படி கேட்பார்கள். கெடு முடிந்தும் கொடுக்காவிட்டால் எல்லையில் நின்று எதிரி மண்ணுக்குள் ஓர் ஈட்டியை வீசுவார்கள். அது விழுந்தால்தான் போர் நியாயமான போர்.

பக்கத்து ஊர்களோடு சண்டை போட்ட காலத்தில் இதில் சிக்கல் இல்லை. கிரேக்க அரசன் பைரஸ் கடல் தாண்டி வந்தபோது சிக்கல் வந்தது. எதிரியின் எல்லை கடலுக்கு அந்தப் பக்கம். அவ்வளவு தூரம் யார் போய் ஈட்டி எறிவது? அதற்கு அவர்கள் கண்ட வழியை ஒரு பழைய உரையாசிரியர் சொல்லிவைத்திருக்கிறார். பிடிபட்ட பைரஸின் வீரன் ஒருவனை ரோமிலேயே ஒரு துண்டு நிலம் வாங்க வைத்தார்கள். எதிரி வாங்கிய நிலம், ஆகவே எதிரி மண். அதில் ஈட்டியை எறிந்தார்கள், சடங்கு சரியாக முடிந்தது.

இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு யோசித்தால் சிரிப்பு நின்றுபோனது. போருக்குப் போக முன்பே முடிவு செய்துவிட்ட ஒரு அரசு, ஏன் இந்த நிலம் வாங்கும் கூத்தை நடத்த வேண்டும்? சட்டத்தை மீறினோம் என்ற பேர் வரக்கூடாது. டிவியில் வந்த உங்கள் அதிகாரியும் அதே ஈட்டியைத்தான் எறிகிறார்.

பிப்ரவரி 12

"நீங்க யாரு சார், எங்கிருந்து பேசுறீங்க?" வக்கீல் இல்லை, மொழிபெயர்ப்பாளன். பல வருடம் முன்பு, படைவீரர்களுக்கான போர்ச் சட்டக் கையேடு ஒன்றைத் தமிழாக்கினேன். சின்னப் புத்தகம், சட்டைப் பையில் அடங்கும். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டு நான்கு மாதம் அவஸ்தைப்பட்டேன்.

ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையில் 57ஆவது பிரிவு தாக்குவதற்கு முன் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகளைச் சொல்கிறது. நான் "முடிந்தவரை முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். சரிபார்க்க வந்தவர் ஓய்வுபெற்ற படை அதிகாரி. அந்த வரியில் விரலை வைத்து, "தம்பி, முடிந்தவரைன்னு போட்டா முடியலன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவான்" என்றார். மூலத்தில் இருப்பது, நடைமுறையில் செய்யக்கூடிய எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்பது. அந்த "எல்லா"வை நான் தின்றுவிட்டேன். "எல்லா" இருந்தால் விசாரணையில் ஒவ்வொன்றாகக் கேட்கலாம்: இதைச் செய்தாயா, அதைச் செய்தாயா. "முடிந்தவரை" என்றால் கேள்விக்கே இடமில்லை.

போர்ச் சட்டத்தின் பலமும் ஓட்டையும் இந்த மாதிரிச் சொற்களில்தான் இருக்கின்றன. அன்று படித்த பாடம்.

பிப்ரவரி 13, காலை

புறநானூறு 9ஐ எடுத்துப் போட்டவருக்கு சபாஷ். நானே எழுத நினைத்திருந்தேன். நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடியது. பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள் எல்லோரும் "நும் அரண் சேர்மின்", நாங்கள் அம்பு விடப்போகிறோம் என்று முன்கூட்டி அறிவிக்கிற அறத்தாறு. தாக்குதலுக்கு முன் பயனுள்ள எச்சரிக்கை தர வேண்டும் என்று 1977இல் எழுதியது அங்கே முன்பே இருக்கிறது. பெருமையாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 13, நள்ளிரவு

காலையில் எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

அதே நெட்டிமையார், அதே பெருவழுதி, புறம் 15. எதிரியின் கோட்டை இருந்த இடத்தில், தேர் ஓடிக் குழிந்த தெருக்களில், வெளுத்த வாய்க் கழுதைகளை ஏரில் பூட்டி உழுது பாழாக்கினாய் என்று பாராட்டுகிறார். பறவை ஒலிக்கும் விளைவயலில் தேர் ஓட்டினாய். காவல் இருந்த நீர்த்துறையில் யானையை இறக்கினாய். வயல், குடிநீர், குடியிருப்பு மூன்றும் போயிற்று. 1977 நெறிமுறையில் 57க்கு மூன்று பிரிவு முன்னால், 54ஆவது பிரிவில், மக்கள் பிழைத்திருக்க இன்றியமையாதவை என்று பட்டியலிட்டுத் தொடக்கூடாது என்கிறார்களே, பயிரும் தண்ணீரும், அவைதான் இவை.

எச்சரிக்கை கொடுத்த அரசன்தான் கழுதை பூட்டியவனும். இரண்டும் புகழ்ச்சிதான். புலவருக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. 9ஐ மட்டும் மேடையில் படித்துவிட்டு 15ஐ மறைப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் மோசடி.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தப் பட்டியலில் நல்ல உடம்போடு, பிள்ளைகளும் பெற்று, வயலில் நிற்கிற உழவன் இல்லை. பட்டியலில் இருக்கிற நோயாளி எப்படி நடந்து போய் அரண் சேருவான் என்றும் பாட்டு கேட்கவில்லை. துண்டுப் பிரசுரம் வீசிவிட்டுக் குண்டு போடுகிறவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது: எங்கே போகச் சொல்கிறாய்?

பிப்ரவரி 15

ஆயுதத் தடை பற்றிக் கேட்டவருக்கு, அவசரமாக.

1139இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் லேட்டரன் சங்கம் குறுக்குவில்லைத் தடை செய்தது, கிறிஸ்தவர்களுக்கு எதிராக மட்டும். மற்றவர்கள்மேல் விடலாம்.

1868இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம். உடம்பில் பட்டதும் வெடிக்கும் துப்பாக்கிக் குண்டு ரஷ்யாவின் கையிலேயே இருந்தது, ஆனால் அதைத் தடை செய்யலாம் என்று கூட்டம் கூட்டியதும் ரஷ்யாதான். தடைக்கு வரம்பு 400 கிராம். அதற்குக் கீழே உள்ள வெடிகுண்டு தேவையில்லாத துன்பம். 400 கிராமுக்கு மேல் போனால் பீரங்கி, அது எல்லோருக்கும் வேண்டும். ஒரு மனிதனைக் கொல்ல இவ்வளவு கொடுமை தேவையில்லை என்று மனசாட்சி பேசிய அதே மேசையில் தராசும் இருந்தது.

1899 ஹேக் மாநாட்டில் உடம்புக்குள் விரியும் குண்டுகளுக்குத் தடை வந்தது. கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச் சாலையின் பேர் அவற்றுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரிட்டன் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. நாகரிக எதிரி ஒரு குண்டில் விழுவான், காட்டுமிராண்டி விழமாட்டான் என்பது அதன் பிரதிநிதி சர் ஜான் ஆர்டாவின் வாதம். குறுக்குவில் கதையேதான், எழுநூற்றறுபது வருடம் கழித்து. 1907இல் பிரிட்டன் இறங்கிவந்தது.

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைப்பது கண்ணீர்ப்புகை. 1993 ரசாயன ஆயுத ஒப்பந்தப்படி அதைப் போர் முறையாகப் பயன்படுத்தக்கூடாது. கலவரத்தை அடக்கப் போலீஸ் பயன்படுத்தலாம். அதாவது எதிரி நாட்டுச் சிப்பாய்மேல் அடிக்கக்கூடாததைச் சொந்தக் குடிமக்கள்மேல் அடிக்கலாம். இதற்குக் காரணம் இருக்கிறது. போர்க்களத்தில் ஒருவன் புகையைப் போட்டால் எதிரி அதை விஷவாயு என்று நினைத்து நிஜ விஷவாயுவை எடுத்துவிடுவான் என்கிற பயம். காரணம் புரிகிறது. ஆனாலும் ஜீரணமாகவில்லை.

பிப்ரவரி 16

"செஞ்சிலுவைக்காரர்கள்கூட உங்கள் கணக்கில் வேஷக்காரர்களா?" இல்லை. செஞ்சிலுவைக்கு வித்திட்ட ஹென்றி டுனான் இத்தாலியின் சோல்ஃபரினோவுக்குப் போனது தொண்டு செய்ய அல்ல, அல்ஜீரியாவில் நடத்திய தொழிலுக்குத் தண்ணீர் உரிமை வேண்டி பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைப் பிடிக்க. 1859 ஜூன் 24ஆம் தேதி சண்டை. பக்கத்துக் காஸ்திலியோனே ஊரில் கேட்பாரற்றுக் கிடந்த காயக்காரர்களைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்தார். ஐந்தே வருடத்தில், 1864 ஆகஸ்ட் 22இல், பத்துப் பிரிவுகளோடு முதல் ஜெனீவா ஒப்பந்தம். அவர் தொழில் திவாலானது தனிக்கதை. நான் கேலி செய்வது ஈட்டியை, டுனானை அல்ல.

பிப்ரவரி 18

இந்தக் குறிப்பு நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். முற்றுகை பற்றியது.

நவீன போர்ச் சட்டத்துக்கு முதல் பெரிய தொகுப்பு லீபர் விதிகள். 1863 ஏப்ரல், அமெரிக்க உள்நாட்டுப் போர், லிங்கன் அரசின் 100ஆம் எண் பொது ஆணை, 157 பிரிவுகள். எழுதிய பிரான்சிஸ் லீபர் பேராசிரியர், ஆனால் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. வாட்டர்லூ காலத்தில் பிரஷ்யப் படையில் நின்று குண்டடி பட்டவர். மூன்று மகன்களில் இருவர் வடக்கின் படையில், ஒருவருக்குக் கை போனது. இன்னொருவர் தெற்கின் படையில் சேர்ந்து 1862இல் செத்தார். தன் வீட்டுக்குள்ளேயே போர் நடந்த மனிதர் எழுதிய சட்டம்.

அதன் 16ஆவது பிரிவு சித்திரவதை கூடாது, விஷம் கூடாது என்கிறது. திரும்பி அடுத்த பிரிவைப் படியுங்கள். எதிரியை, ஆயுதம் ஏந்தியவனோ ஏந்தாதவனோ, பட்டினி போடலாம், சீக்கிரம் பணிவான் என்கிறது. 18இல் இன்னும் ஒரு படி. முற்றுகைக்குள் இருக்கும் தளபதி சோற்றுச் செலவைக் குறைக்க ஊர்மக்களை வெளியே அனுப்பினால், அவர்களைத் திரும்ப உள்ளே விரட்டலாம். கடுமைதான், ஆனாலும் சட்டப்படி சரி.

இப்போது 1941க்கு வாருங்கள். செப்டம்பரில் லெனின்கிராட் வளைக்கப்பட்டது, 1944 ஜனவரியில்தான் மீண்டது, 872 நாள். பட்டினியில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். ஊரைவிட்டு வெளியே வர முயலும் மக்களைப் பீரங்கியால் சுட்டு உள்ளே தள்ள உத்தரவு இருந்தது. ஜெர்மானியப் படைத்தொகுதிக்குத் தலைவர் ஃபான் லேப். 1948இல் நூரம்பர்கில் அமெரிக்க நீதிபதிகள் முன் அவர் நின்றார். இந்தக் குற்றச்சாட்டில் அவருக்கு விடுதலை. நீதிபதிகள் எடுத்துக்காட்டியது அந்த 18ஆவது பிரிவின் கருத்தைத்தான். சட்டம் வேறு மாதிரி இருந்திருக்கலாமே என்ற ஆசை எங்களுக்கும் உண்டு, ஆனால் உள்ள சட்டத்தைத்தான் நாங்கள் செயல்படுத்த முடியும் என்று தீர்ப்பில் எழுதினார்கள். வேறொரு குற்றச்சாட்டில் மூன்று வருடம் கொடுத்து, ஏற்கெனவே உள்ளே இருந்த காலத்தைக் கழித்துவிட்டார்கள்.

இங்கே யாரும் சட்டத்தை மீறவில்லை. சட்டம் ஊமையாகவும் இல்லை. தெளிவாகப் பேசி, "செய்யலாம்" என்றது. மக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாக்கக் கூடாது என்று எழுத 1977 வரை ஆயிற்று. நான் தமிழாக்கிய அந்த 54ஆவது பிரிவுதான் அது. அந்த நான்கு மாதத்தில் அதன் முதல் வரியை மட்டும் ஒரே மூச்சில் மொழிபெயர்த்தேன். அதில் "முடிந்தவரை" இல்லை, "தவிர" இல்லை.

பிப்ரவரி 19

நேற்றைய குறிப்புக்கு ஒட்டு. புறம் 44, கோவூர்கிழார். சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டிருக்கிறான், நெடுங்கிள்ளி உள்ளே கதவடைத்துக் கிடக்கிறான். யானைகள் உணவின்றி, துதிக்கை மண்ணில் புரளப் பெருமூச்சு விடுகின்றன. "பாலில் குழவி அலறவும்" என்று ஒரு வரி, பால் இல்லாத குழந்தை அலறுகிறது. பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிகிறார்கள். தண்ணீர் இல்லாத வீடுகளில் அழுகுரல். புலவர் திட்டுவது யாரை? உள்ளே இருப்பவனை. அறவழி நிற்பவனானால் "உன்னுடையது" என்று கதவைத் திற, வீரனானால் சண்டைக்குத் திற, இரண்டும் இல்லாமல் அடைத்துக் கிடப்பது வெட்கக்கேடு என்கிறார். வெளியே நின்று பால் வராமல் தடுத்தவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

லீபருக்கும் கோவூர்கிழாருக்கும் இந்த விஷயத்தில் அதிக தூரம் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம், குழந்தையின் அலறல் லீபரின் பிரிவில் கேட்காது, பாட்டில் கேட்கிறது.

பிப்ரவரி 20

"அந்த நெடுங்கிள்ளிதான் தப்பு, கதவைத் திறந்திருக்கலாமே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஃபான் லேபின் வக்கீல் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 22

ஜெயித்தவன் நீதி என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கிறேன் என்கிறார் கேள்வி கேட்டவர். சரி.

ஆமாம், அது நிஜம். நூரம்பர்கில் நகரங்கள்மேல் நடந்த குண்டுவீச்சு குற்றச்சாட்டாக வரவில்லை, இரு தரப்பும் செய்ததால். ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ நீதிமன்றத்தில் இந்திய நீதிபதி ராதாபினோத் பால், அத்தனை பேரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித் தீர்ப்பு எழுதினார். ஆனால் நூரம்பர்கில் ஜெர்மானியக் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் வழக்கையும் பாருங்கள். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் எச்சரிக்கை இல்லாமல் கப்பல்களை மூழ்கடித்தன என்பது குற்றச்சாட்டு. அவருடைய வக்கீல் கிரான்ஸ்பியூலர் கடற்படைச் சட்டக்காரர். மனிதர் கெட்டிக்காரர், அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸுக்கே கேள்வித்தாள் அனுப்பினார். நிமிட்ஸ் மறைக்கவில்லை, பசிபிக்கில் முதல் நாளிலிருந்தே நாங்களும் அப்படித்தான் செய்தோம் என்று பதில் கொடுத்தார். நீர்மூழ்கி விதிமீறலை வைத்து டோனிட்ஸுக்குத் தண்டனை கூட்டவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற குற்றங்களுக்குப் பத்து வருடம்.

ஜெயித்தவன் தன் கையையும் மேசைமேல் வைக்க நேர்ந்த அபூர்வமான சந்தர்ப்பம். ஆனால் விளைவு என்ன? இருவரும் மீறினால் இருவருக்கும் அதற்குத் தண்டனை இல்லை. மூழ்கிய கப்பல்காரர்கள் பக்கம் கணக்கு எழுத ஆள் இல்லை. இதைச் சட்டத்தின் வெற்றி என்று சொல்வதா தோல்வி என்று சொல்வதா? வாரத்துக்கு ஒரு பதில் வருகிறது எனக்கு.

பிப்ரவரி 25

பேர் வைக்கும் விஷயத்தைப் பேசாமல் விட்டோமே. 1928இல் பாரிஸில் பல நாடுகள் போரையே கைவிடுகிறோம் என்று கையெழுத்திட்டார்கள். 1945இல் ஐநா சாசனம் பலாத்காரத்தைத் தடுத்து, தற்காப்புக்கு 51ஆவது பிரிவில் கதவு வைத்தது. அதற்குப் பிறகு நடக்கிறவை பெரும்பாலும் அந்தக் கதவு வழியாகத்தான் நடக்கின்றன. போர் என்ற சொல்லும் அருகிவிட்டது. ஜப்பான் 1937இல் சீனாவில் நடத்தியது "சம்பவம்". 1950இல் கொரியா பற்றி, இதைப் போலீஸ் நடவடிக்கை என்று சொல்லலாமா என்று நிருபர் கேட்டார், ட்ரூமன் ஆமாம் என்றார். 2022இல் ரஷ்யாவுக்கு அது "சிறப்பு இராணுவ நடவடிக்கை".

இதில் 1949இல் ஜெனீவா ஒப்பந்தக்காரர்கள் செய்தது புத்திசாலித்தனம். நீ போர் என்று ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், ஆயுத மோதல் நடந்தால் விதி செல்லும் என்று இரண்டாவது பிரிவிலேயே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஈட்டி விழுந்ததா இல்லையா என்ற பேச்சே வேண்டாம் என்று.

மார்ச் 2

இவ்வளவு எழுதியபிறகு அந்தக் கையேட்டைப் பரணிலிருந்து தேடி எடுத்தேன். "எல்லா" இருக்கிறது, படை அதிகாரி விடவில்லை. ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு தப்பு இத்தனை வருடம் கழித்துத் தெரிகிறது.

எச்சரிக்கை பற்றிய விதி. மூலத்தில் எச்சரிக்கை தர வேண்டும் என்ற கடமை முதலில் வரும், சூழ்நிலை இடம் தராவிட்டால் தவிர என்ற விலக்கு கடைசியில் வாலாகத் தொங்கும். தமிழில் ஒரே வாக்கியமாக எழுதினால் தலைகீழாகிறது. "சூழ்நிலை இடம் தராத வேளை தவிர, பொதுமக்களைப் பாதிக்கக்கூடிய தாக்குதல் குறித்து முன்கூட்டியே பயனுள்ள எச்சரிக்கை தர வேண்டும்" என்று அச்சாகியிருக்கிறது. இலக்கணப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் படிக்கிற சிப்பாய்க்கு முதலில் கிடைப்பது சாக்கு. கடமை வரிக் கடைசியில். சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

இப்போது என்றால் இரண்டாக உடைத்திருப்பேன்: "தாக்குதல் பொதுமக்களைப் பாதிக்கலாம் என்றால் முன்கூட்டியே பயனுள்ள எச்சரிக்கை தர வேண்டும். சூழ்நிலை இடம் தராதபோது மட்டும் இதற்கு விலக்கு."

நெட்டிமையார் பாட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஆட்களின் பட்டியல் முதலில், அம்பு பிறகு, அரண் சேருங்கள் என்பது முடிவில். "தவிர" எங்கும் இல்லை. கழுதை ஆறு பாட்டு தள்ளி வருகிறது.